கச்சான் கொன்ற பற்றரி

பெப்ரவரி 2, களுவாஞ்சிகுடி

இன்றும் எங்கள் பள்ளிக்கூட வான் எழும்பவில்லை. உள்ளே ஏறியிருந்த பிள்ளைகளில் பெரிய வகுப்புக்காரரை இறக்கித் தள்ளச் சொல்லி, இரண்டாம் கியரில் கிளச்சை விட்டுத்தான் என் கணவர் எடுத்தார். பெடியங்களுக்கு அது பெரிய கொண்டாட்டம். கேற்றடியில் நின்ற தாய் ஒருத்தியின் முகத்தில் கொண்டாட்டம் எதுவும் இல்லை. அடுத்த மாதம் பிள்ளையை வேறு வானில் விடப்போகிறா என்று எனக்குப் பட்டது.

இரவெல்லாம் மழை. விடியப் பார்த்தபோது வெப்பமானி 24 பாகை காட்டியது. “குளிருக்குத்தான் இப்பிடிச் செய்யுது” என்கிறார் இவர். 24 பாகையைக் குளிர் என்று சொல்ல ஒருவர் மட்டக்களப்பில்தான் பிறந்திருக்க வேண்டும்.

உண்மையான குளிர் இனித்தான் வரப்போகிறது. 22ஆம் திகதி கந்தப்பளையில் மச்சாளின் மகனுக்குக் கலியாணம். இந்த வானில்தான் எல்லாரும் போவதென்று முடிவாகிவிட்டது. மாசியில் நுவரெலியாப் பக்கம் விடியற்காலையில் ஐந்து, ஆறு பாகைக்கு இறங்கும். சில நாள் புல்லில் உறைபனியும் விழும். அங்கே ஏற்றத்தில் வானைத் தள்ள மாமிமாரை இறக்க ஏலாது.

பெப்ரவரி 3

மல்ரிமீற்றரைப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலிருந்து ஒப்பமிட்டு எடுத்து வந்தேன். வான் சும்மா நிற்கும்போது பற்றரி 12.3 வோல்ற்று. கேட்பதற்கு மரியாதையான எண்தான். இவர் சாவியைத் திருப்பினார், 8.2க்கு விழுந்தது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே போகக்கூடாது என்பது கராஜ்களில் பொதுவாக வைத்திருக்கும் எல்லை.

உடனே பற்றரியைக் குற்றவாளி ஆக்க மனம் வரவில்லை. எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மெல்லிய மணல் துண்டு; இரண்டு பக்கமும் உப்புக் காற்று. ரேமினல்களில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. ஏர்த் வயர் என்ஜினில் இறுகும் போல்ற்றைக் கழற்றினால் துரு மாவாகக் கொட்டுகிறது. பற்றரியின் நெகற்றிவ்விலிருந்து என்ஜின் உடம்புக்கு மீற்றரை வைத்துச் சுற்றிப் பார்த்தோம்: 0.9 வோல்ற்று அந்த வயரிலேயே தொலைகிறது. கொதிநீர் ஊற்றி, அரத்தாள் போட்டு, கிறீஸ் பூசி இறுக்கிய பிறகு 0.1 ஆயிற்று.

கொஞ்சம் சுறுசுறுப்பு வந்தது. “பாத்தியா, பற்றரியில பிழை இல்ல” என்று இவர் வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். நான் மறுபேச்சுப் பேசவில்லை. நாளை விடியட்டும்.

பெப்ரவரி 4

சுதந்திர தினம், பள்ளிக்கூடம் இல்லை. வான் எழும்பவும் இல்லை.

ஆரையம்பதியில் வயரிங் வேலை செய்யும் தம்பியிடம் கொண்டுபோனோம். நல்ல வேலைக்காரன், முதலில் பற்றரியைத் தொடவில்லை, ஒல்ரனேற்றரைப் பார்த்தான். இந்த டொயோட்டா டீசல் என்ஜின்களில் பிரேக்குக்கான வெற்றிடப் பம்ப் ஒல்ரனேற்றரின் முதுகில் இருக்கிறது. அதன் சீல் கசிந்தால் ஒயில் உள்ளே போய் பிரஷ்களை நாசமாக்கும். சார்ஜ் குறைந்து பற்றரி செத்தால் புதுப் பற்றரியும் அதே வழியில்தான் போகும் என்றான். ஒயில் கசிவு இல்லை. ஓட விட்டு அளந்தான்: 14.1 வோல்ற்று. அது சரி.

பிறகு மூடிகளைத் திறந்து ஐதரோமீற்றரால் ஒவ்வொரு கலத்திலும் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தான். ஐந்து கலங்களில் சாரடர்த்தி 1.235ஐ ஒட்டி. மூன்றாவதில் 1.150.

“ஒண்டு படுத்திட்டு ரீச்சர். மற்றது அஞ்சும் இழுத்தும் இது விடாது.”

நேற்றைய 12.3இன் கதை இதுதான். ஒரு கலத்தின் வோல்ற்று ஏறத்தாழ அதன் சாரடர்த்தியோடு 0.84ஐக் கூட்டினால் வரும். ஐந்து கலம் 2.07 படி, நலிந்தது 1.99; கூட்டினால் 12.3க்கு மேலே வந்து நிற்கிறது. சும்மா நிற்கும்போது நோயாளி தெரியமாட்டான். வேலை வாங்கினால்தான் தெரியும்.

தண்ணீர் என்ன விட்டீர்கள் என்று கேட்டான். இவர் நிலத்தைப் பார்த்தார். போன ஆடியில் டிஸ்ரில் வோட்டர் கிடைக்காமல் எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு விட்டிருக்கிறார். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்புச் சாகாது. களுவாஞ்சிகுடிக் கிணற்றின் குளோரைட்டு ஈயத் தகட்டை அரிக்கிறது. இதை வீட்டுக்கு வந்து சொன்னேன், அங்கே சொல்லவில்லை.

பெப்ரவரி 5

உயர்தர வகுப்பில் மின்னியக்கவிசையும் அகத்தடையும் நடக்கிறது. புத்தகக் கணக்கை விட்டுவிட்டு எங்கள் பற்றரியைப் பலகையில் போட்டேன். தம்பியின் கவ்வு மீற்றர் ஸ்டார்ட்டர் வயரில் 200 அம்பியர் காட்டியது. 12.3இல் இருந்து 8.2 போனால் 4.1. அதை 200ஆல் பிரித்தால் 0.0205 ஓம். ஆரோக்கியமான பற்றரி இதில் பாதிகூட வராது.

“இருபது மிலிஓம் ஒரு தடையா ரீச்சர்?” என்றாள் முன்வாங்குப் பிள்ளை. வீட்டு மின்குமிழுக்கு அது ஒன்றுமில்லை. இருநூறு அம்பியருக்கு நாலு வோல்ற்றைத் தின்றுவிடுகிறது. டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது; காற்றை இருபது மடங்குக்கு மேல் நெருக்கி, அந்தச் சூட்டில்தான் எண்ணெய் பற்றவேண்டும். மெதுவாகச் சுற்றினால் சூடு சிலிண்டர் சுவருக்குள் ஓடிவிடும். ஆகவே பெற்றோல் காரை முக்கி முனகி எடுத்துவிடுகிற அதே பற்றரி டீசல் வானில் கைவிரிக்கும்.

அகத்தடை ஏன் கூடுகிறது என்பதுதான் அவர்களுக்குப் பிடித்த பகுதி. தகட்டில் ஈயச் சல்பேற்று பளிங்காக இறுகும். நேர்த்தகட்டின் வலைச்சட்டம் அரித்து மெலியும். பூசிய பொருள் உதிர்ந்து அடியில் சேறாகும். 1859இல் காஸ்தோன் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டி அமிலத்துக்குள் வைத்த நாளிலிருந்து இந்த வருத்தங்கள் மாறவில்லை.

பெப்ரவரி 6

மாமா வந்திருந்தார், இவரின் தாய்மாமன். பற்றரிப் பேச்சு எழும்பியதும் அவருக்குப் பழைய காலம் வந்துவிட்டது. மொரிஸ் மைனர், ஏ40 எல்லாம் முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்றி எடுத்தவர் அவர். 1912 கெடிலாக் காரில் சார்ள்ஸ் கெற்றரிங் மின் ஸ்டார்ட்டரை வைத்த பிறகும் எத்தனையோ வருடம் கார்க் கம்பெனிக்காரர் அந்த இரும்புக் கம்பியையும் வைத்துக்கொண்டுதான் கார் விற்றார்கள். அதனால் மொரிஸ் மைனருக்குப் பற்றரி செத்தாலும் வாழ்வு இருந்தது.

எனக்கு ஞாபகம் வருவது வேறு. கொக்கட்டிச்சோலையில் அம்மம்மா வீடு. யுத்த காலத்தில் படுவான்கரைப் பக்கம் கரண்ட் கிடையாது. லொறிப் பற்றரி ஒன்று வீட்டில் இருந்தது. ரேடியோவுக்கும், எப்போதாவது வாடகைக்கு வரும் ரீவிக்கும். அது இறங்கினால் சைக்கிள் கரியரில் கட்டி, ஜெனரேற்றர் வைத்துச் சார்ஜ் ஏற்றும் கடைக்கு மாமன்மார் உருட்டிக்கொண்டு போவார்கள். காவலரண் தாண்டிப் புதுப் பற்றரி கொண்டு வருவது லேசான காரியம் அல்ல. தடைசெய்யப்பட்ட பொருட்களோடு அதுவும் இருந்தது. அப்போது ஒருவரும் அம்பியர் பற்றிப் பேசவில்லை. படம் முடியும்வரை தாங்குமா என்பதே கேள்வி.

பெப்ரவரி 7

காத்தான்குடி. கடைக்கார நானா கையடக்க மெசின் ஒன்றைப் பழைய பற்றரியில் கவ்வினார். சின்னத் துண்டுக் கடதாசி வந்தது: போட்டிருந்த அளவு 580, இப்போது 214, மாற்றவும்.

“சிசிஏ போய்ட்டு ரீச்சர். குளிர்ல எடுக்காது.”

இந்த மூன்று எழுத்தும் இப்போது எங்கள் கடைகளிலும் புழங்குகின்றன. விரித்தால் ‘குளிரில் சுற்றும் அம்பியர்’. இதன் பொருள் இதுதான்: நிறையச் சார்ஜ் ஏறிய 12 வோல்ற்றுப் பற்றரியைப் பூச்சியத்துக்குக் கீழே 18 பாகைக்குக் குளிரவைத்து, 30 செக்கன் முழுக்க 7.2 வோல்ற்றுக்குக் குறையாமல் எத்தனை அம்பியர் தள்ளும் என்று பார்ப்பது. அமெரிக்கக் கணக்கு அது. கனடாக்காரனுக்கு வேண்டிய எண். காத்தான்குடியில் மேசையில் 32 பாகையில் இருந்த பற்றரியை அந்த மெசின் குளிரவைக்கவும் இல்லை, 214 அம்பியர் இழுக்கவும் இல்லை. உள்ளே எவ்வளவு இலகுவாக மின் கடக்கிறது என்று தொட்டுப் பார்த்து, ஒரு சூத்திரத்தால் எண்ணாக்கிக் காட்டியது. நான் வகுப்பில் 20 மிலிஓம் என்று எழுதியதும் அவரது 214உம் ஒரே நோயின் இரண்டு பெயர்கள்.

அதற்காக அந்த மெசினைக் கேலி செய்யமாட்டேன். குளிரே இல்லாத ஊரிலும், போட்ட எண்ணுக்கு எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் பற்றரியின் வயது தெரிகிறது. புதுசு வாங்கும்போது அதே எண்ணை விலைச்சீட்டுப் போலப் பார்க்கத் தொடங்கினால்தான் சிக்கல்.

கடையில் இன்று ஒன்றும் வாங்கவில்லை. இவருக்குக் கோபம்.

பெப்ரவரி 8

கோபம் ஆறியது. நேற்று எழுதி வந்ததை வைத்துக் கணக்குப் பார்க்கிறேன்.

எங்கள் பழைய பற்றரியில் அடித்திருப்பது 80டி26எல். ஜப்பான் முறை. 80 வலுவின் தரம். டி என்றால் அகலமும் உயரமும் இன்ன அளவு. 26 நீளம், சென்ரிமீற்றரில். எல் எந்தப் பக்கம் பொசிற்றிவ் என்பது. கடைசி எழுத்தை விட்டுவிட்டு ஆர் வாங்கினால் வயர் எட்டாது. இழுத்துப் பூட்டினால் என்றோ ஒருநாள் உடம்பில் உரசும். நானா முதலில் காட்டிய 31 நீளப் பற்றரி தட்டிலேயே இருக்காது. “தட்ட வெட்டித் தாறம்” என்றார். வேண்டாம்.

மிச்சம் இரண்டு. ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்தது, மேலே பெரிய மஞ்சள் ஸ்ரிக்கரில் 680. மற்றது இங்கே இரத்மலானையில் செய்தது, 580க்குக் கிட்ட. எக்சைட், லூக்காஸ், டாக்னைற் எல்லாம் ஒரே தொழிற்சாலைப் பிள்ளைகள் என்பது பலருக்குத் தெரியாது. இவர் 680இல் ஒற்றைக்காலில் நிற்கிறார். குளிருக்குப் போகிறோம், நூறு அம்பியர் கூட இருந்தால் என்ன கெட்டுவிடும்?

கெடுவதற்கு இடம் இருக்கிறது. முதலாவது, 680 எந்த அளவுகோலில்? அமெரிக்க முறையில் ஒன்று, ஐரோப்பிய முறையில் கொஞ்சம் வேறு, ஜெர்மன் பழைய முறையில் அதே பற்றரிக்கு ஏறத்தாழ அறுபது சதவீதம்தான் எழுதுவார்கள். குளிர் என்ற சொல்லை விட்டுவிட்டு 0 பாகையில் அளந்து போட்டால் எண் கால்வாசி பெருக்கும். ஸ்ரிக்கரில் அளவுகோலின் பெயர் இல்லை.

இரண்டாவதுதான் எனக்குப் பெரிசு. ஒரே அளவுப் பெட்டிக்குள் கூடுதலான அம்பியர் எப்படி வரும்? அமிலம் தொடும் பரப்பைக் கூட்டவேண்டும். பரப்பைக் கூட்ட நிறையத் தகடு வேண்டும். நிறையத் தகடு அதே பெட்டிக்குள் கொள்ள வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் மெல்லிசாக வேண்டும். மெல்லிய தகடு குளிர் நாட்டில் வேகமாகக் கொடுக்கும். சூட்டு நாட்டில் வேகமாக அரியும். பத்துப் பாகை சூடு ஏறினால் பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்பது ஈய அமிலக்காரரின் பழைய கணக்கு. வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் அடிக்கும்போது மலையைத் தாண்டி வரும் அந்தக் காற்று எங்கள் முற்றத்தில் 36, 37 பாகை. ஓடி வந்து நின்ற என்ஜினுக்குப் பக்கத்தில் கையே வைக்க முடியாது. வருடத்தில் நாலு மாதம் அது. கந்தப்பளைக் குளிர் இரண்டு விடியற்காலை.

எங்கள் பற்றரி செத்ததும் அப்படித்தான். கச்சான் கொன்றது, மாரி மழையில் பிணம் வெளியே வந்தது. சூட்டில் மெலிந்தது வெளியே தெரியாது, ஏனென்றால் சூட்டில் எதுவும் சுலபமாக எழும்பும். கொஞ்சம் தணிந்த விடியலில் குட்டு வெளிப்படுகிறது. நாம் குளிரைத் திட்டுகிறோம்.

இனி கந்தப்பளைக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம். 27 பாகையில் நூறு பங்கு வலுவென்றால் 0 பாகையில் 65, பூச்சியத்துக்குக் கீழே 18இல் 40. அதே நேரம் என்ஜின் கேட்பது 0 பாகையில் ஒன்றரை மடங்குக்கும் மேல், ஒயில் தடிப்பதால். 580 என்பது அந்த நாற்பது பங்கில் அளந்த எண். ஐந்து பாகையில் அந்தப் பற்றரியிடம் 580ஐ விட நிறையக் கூடுதலாகவே இருக்கும். ஆரோக்கியமாக இருந்தால் 580 மிதமிஞ்சியது. நோயாளி என்றால் 680உம் காணாது.

இவரிடம் வாசித்துக் காட்டினேன். “உன்ட சாமான், நீயே எடு” என்றார். சம்மதம் என்று எழுதிக்கொள்கிறேன்.

பெப்ரவரி 11

பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்கு. இரண்டிலும் தயாரித்த திகதியைக் காட்டச் சொன்னேன். 680 போன வருட ஆனியில் செய்து, கப்பல் ஏறி, களஞ்சியத்தில் கிடந்து வந்தது. இரத்மலானைக்காரன் போன மார்கழி. சூட்டில் கிடக்கும் பற்றரி சும்மா கிடந்தே இறங்கும், இறங்கிக் கிடந்தால் சல்பேற்று இறுகும். 2022இல் டீசல் வரிசைக் காலத்தில் எங்கள் முந்திய பற்றரி அப்படித்தான் போனது. கியூஆர் பங்கீடு வந்து டீசல் கிடைத்தபோது வான் எழும்ப மறுத்துவிட்டது.

பிறகு பழைய பற்றரி நிறுக்கும் தராசில் இரண்டையும் தூக்கி வைக்கச் சொன்னேன். நானா என்னைப் பார்த்த பார்வை!

“பற்றரியக் கிலோவுக்கா வாங்கப்போறீங்க?”

“பழசக் கிலோவுக்குத்தானே நானா எடுக்கிறீங்க.”

சிரித்துவிட்டார், மனிதர் நல்லவர். மஞ்சள் ஸ்ரிக்கர் 15.8 கிலோ, மற்றது 17.4. இரண்டும் அமிலம் நிரம்பியவை, ஒரே பெட்டி அளவு. ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம், ஈயத்தைத் தவிர வேறு எதனால்? நான் சொல்லவேண்டி இருக்கவில்லை. இவரே கனமானதில் கையை வைத்தார்.

நாற்பதாயிரத்துக்கு மேல். பழசுக்குக் கொஞ்சம் கழித்தார்கள். உத்தரவாத அட்டையில் திகதியும் வானின் இலக்கமும் என் கண் முன்னே எழுதுவித்தேன். பூட்டுமுன் சார்ஜில் போட்டு 12.7 காட்டும்வரை நின்றோம். கடைப் பெடியன் இரண்டு தரம் தேத்தண்ணி கொண்டு வந்தான்.

பூட்டிய பிறகு என் கணக்கு: சுற்றும்போது 11.0 வோல்ற்று, 220 அம்பியர். 1.7ஐ 220ஆல் பிரித்தால் எட்டு மிலிஓமுக்குள்.

பெப்ரவரி 12

பக்கத்து வளவு மாமாவுக்கு நான் பழைய பற்றரியைக் கடையில் விட்டதில் மனத்தாங்கல். வாவியில் வீச்சு வலை போடுகிறவர். அவருக்கு ஈயம் வேண்டுமாம், உடைத்து உருக்கி வலைக்குண்டு வார்க்க. முந்தி எல்லாரும் செய்ததுதான். ஆனால் பற்றரி ஈயம் சுத்த ஈயம் அல்ல. அமிலமும் ஒட்சைட்டுத் தூளும் புகையாக எழும்பும், அவரது பேரப்பிள்ளை அந்த முற்றத்தில்தான் தவழ்கிறது. “அடுத்த முறை தாறன் மாமா” என்று சொல்லி வைத்திருக்கிறேன். கொடுக்கமாட்டேன். வலைக்குண்டு கடையில் விற்கிறது, அதை வாங்கிக் கொடுக்கலாம்.

பெப்ரவரி 21, கந்தப்பளை

விடிய நாலரைக்கு வெளிக்கிட்டோம். பேராதனையிலிருந்து வரும் ஏ5 வீதி முடிகிற செங்கலடியில் திரும்பி, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை. மாமிமார் பசறைக்குப் பிறகு பேச்சை நிறுத்திக் கண்ணை மூடிவிட்டார்கள், வளைவுகள் அப்படி. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். களுவாஞ்சிகுடியில் எங்கள் வீடு எவ்வளவு உயரம் என்று பிள்ளை கேட்டது. வெள்ளம் வந்தால் தெரியும் என்றார் இவர்.

இரவு தங்கும் வீட்டில் வானை முகப்பு மதில் பக்கம் நிறுத்தியிருக்கிறோம். உள்லைற் அணைந்திருக்கிறதா என்று இரண்டு பேரும் தனித்தனியாகப் போய்ப் பார்த்து வந்தோம்.

பெப்ரவரி 22

காலை ஐந்தே முக்கால். வெப்பமானி 7 பாகை. கண்ணாடி முழுக்கத் தண்ணீர். சும்மா நிற்கும்போது வோல்ற்று 12.6.

சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பி ஹீட்டர் விளக்கு அணையும்வரை இவரைப் பிடித்து வைத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நாலு ஹீட்டர் பிளக்கும் சேர்ந்து நாற்பது அம்பியருக்கு மேல் குடிக்கும். ஆனால் அந்தச் சூடு இல்லாவிட்டால் எவ்வளவு சுற்றியும் பயனில்லை. மட்டக்களப்பில் இரண்டு செக்கன், இங்கே பத்துக்கு மேல் வைத்தோம். அடித்தபோது மீற்றர் 10.3க்கு இறங்கி நின்றது. கொஞ்சம் வெள்ளைப் புகை விட்டு எழும்பிவிட்டது.

மாப்பிள்ளை வீட்டுக் கார் எழும்பவில்லை! கொழும்பிலிருந்து வந்த பெற்றோல் கார், கழுவிப் பூச்சரம் கட்டி நிற்கிறது. ஜம்பர் வயர் எங்களிடம் இருந்தது. பொசிற்றிவ்வுக்குப் பொசிற்றிவ், கறுப்பின் மறுமுனையை அவர்களது பற்றரியில் வைக்காமல் தூர என்ஜின் இரும்பில் கவ்வச் சொன்னேன், பற்றரி வாயில் ஐதரசன் நிற்கும், பொறி பறந்தால் வெடிக்கும். பட்டுச் சேலையோடு நான் நின்று சொல்ல, வேட்டியோடு நாலு பேர் குனிந்து செய்தார்கள். சில நிமிடம் எங்கள் வானை ஓடவிட்டு ஏற்றிய பிறகு அது எழும்பியது.

காரின் சொந்தக்காரர் என்னிடம் வந்து, “எத்தனை சிசிஏ போட்டிருக்கிறீங்க, ரீச்சர்?” என்றார். பற்றரி எப்போது வாங்கியது என்று திருப்பிக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, கார் கைமாறி வந்தபோதே அதற்குள் இருந்ததாம். ரேமினலின் கரையில் அடித்திருந்த எழுத்தை என் கைப்பேசி வெளிச்சத்தில் இரண்டு பேரும் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தபோது நாதஸ்வரக்காரர் வந்துவிட்டார். முகூர்த்தம் எட்டேகாலுக்கு. மிச்சத்தைச் சாப்பாட்டுப் பந்தியில் சொல்வதாக இருக்கிறேன்.